"ஆமா" போடத் தெரிந்தால் ப்ளூஸ் வாசிக்கலாம்: பள்ளி பேண்டு மாஸ்டர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டை வட்டாரத்தில் பள்ளிக்கூட பேண்டு என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்ட் 15, ஜனவரி 26, விளையாட்டு விழா அணிவகுப்பு, இடையில் மாதா கோயில் சப்பரம் வந்தால் அதற்கும் ஒரு நடை. நாலைந்து மார்ச், தேசிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, இரண்டு பக்திப் பாட்டு. ஆறாம் வகுப்பில் டிரம்பெட்டைக் கையில் வாங்கும் பையன் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை இதையேதான் வாசிப்பான். நன்றாகவே வாசிப்பான். ஆனால் முன்னால் இருக்கும் தாளை எடுத்துவிட்டு, "ஏல, உனக்குத் தோணுறத வாசி" என்று சொல்லிப் பாருங்கள். கருவியை ஒருமுறை பார்ப்பான், உங்களை ஒருமுறை பார்ப்பான். "எதை ஸார் வாசிக்க?" என்பான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த முறைக்கு வந்து சேர்ந்தேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் இரண்டு பீரியடு பழகினால் பத்து வாரத்தில் 12 பார் ப்ளூஸில் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை; 12 பார் சேர்ந்தால் ஒரு சுற்று) சொந்தமாக ஒரு சுற்று வாசித்துவிடுவார்கள். கர்நாடக சங்கீதக்காரர்கள் மனோதர்மம் என்பார்கள். பிள்ளைகள் "சும்மா வாசிக்கது" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

முதல் ஆண்டு நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ப்ளூஸ் ஸ்கேலின் ஆறு ஸ்வரங்களையும் போர்டில் எழுதிப்போட்டு, "இதில் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம், எதுவும் தப்பில்லை" என்றேன். பெரிய சுதந்திரம் கொடுத்துவிட்டதாக எனக்கு நினைப்பு. பிள்ளைகள் மாடிப்படி ஏறி இறங்குவதுபோல ஸ்கேலை மேலே வாசித்தார்கள், கீழே வாசித்தார்கள். ஒருவன் உச்சியில் போய் நின்றுகொண்டு, "முடிஞ்சிட்டு ஸார்" என்றான். எழுத்துகளை மட்டும் கொடுத்துவிட்டுக் கடிதம் எழுதச் சொன்ன கதை.

அந்த ஆடியில் ஒரு சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போயிருந்தேன். வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. முன்பாட்டுக்காரர் ஒரு வரி சொல்லி நிறுத்துகிறார். பின்னால் குடமும் உடுக்கையும் வைத்திருப்பவர்கள் "ஆமா" என்கிறார்கள். அந்த "ஆமா" விழும் நேரத்தில் அவருக்கு மூச்சு கிடைக்கிறது, அடுத்த வரி யோசனைக்கு வருகிறது. பதில் வராவிட்டால் அவராலும் அப்படிச் சொல்ல முடியாது. ப்ளூஸின் எலும்புக்கூடும் இதுதானே என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. ஒருவர் சொல்கிறார், மற்றவர் ஆமோதிக்கிறார். நான் ஸ்வரத்தைக் கொடுத்தேன், "ஆமா" போட ஆள் கொடுக்கவில்லை.

பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய கதை

கருவியை எடுப்பதற்கு முன் ஒரு பத்து நிமிடம் இதற்குக் கொடுங்கள். அமெரிக்காவில் 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதன் பிறகும் தென்மாநிலங்களின் பருத்திக்காட்டில் கறுப்பின மக்களுக்குப் பாடு குறையவில்லை. வேலைசெய்யும்போது ஒருவர் முன்னால் பாட, மற்றவர்கள் பதில் பாடும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. அதிலிருந்தும் தேவாலயப் பாட்டிலிருந்தும் முளைத்தது ப்ளூஸ். டபிள்யூ. சி. ஹேண்டி என்ற பேண்டு மாஸ்டர் (ஆமாம், நம் தொழில்காரர்தான்) 1912-இல் "மெம்பிஸ் ப்ளூஸ்" என்பதை அச்சிட்டு வெளியிட்டார். 1920-இல் மேமி ஸ்மித் பாடிய "கிரேஸி ப்ளூஸ்" இசைத்தட்டாக வந்து ஊரெல்லாம் பரவியது.

அப்புறம் ஜாஸ் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் கதை. இதைச் சொல்லும்போது கடைசி வரிசைகூட நிமிர்ந்து உட்காரும். நியூ ஆர்லியன்ஸில் 1901-இல் பிறந்தவர். 1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டார். வயது 11. போலீஸ் பிடித்துச் சிறுவர் இல்லத்தில் விட்டது. அந்த இல்லத்து பேண்டில்தான் பியூகிள், கார்னெட் எல்லாம் ஒழுங்காகப் பழகினார். உங்கள் பேண்டில் பியூகிள் பிடித்துக்கொண்டு, "எனக்கு எப்ப ஸார் டிரம்பெட் தருவீங்க" என்று கேட்கும் ஆறாம் வகுப்புக்காரனுக்கு இந்தக் கதை போதும்.

ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டு என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். ஒப்பாரி வைக்கும் ஆச்சியைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அவள் எழுதிவைத்துப் படிப்பதில்லை. மெட்டு பழசு, சொல் அந்த நேரத்துச் சொல். இறந்தவர் யாரோ அவருக்கேற்ப வரி மாறும், நடுவில் உயிரோடிருக்கும் மருமகளுக்கும் ஒரு குத்து விழும். அழுகையும் கேலியும் ஒரே மூச்சில் வரும். ப்ளூஸும் அந்த ரகம்.

"நம்ம பிள்ளைகளுக்கு எதுக்கு வெள்ளைக்காரன் பாட்டு?" என்று யாராவது கேட்பார்கள். முதலில், இது வெள்ளைக்காரன் பாட்டில்லை. இரண்டாவது, பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எட்டயபுரத்தில் 1835-இல் மறைந்தாரே முத்துசுவாமி தீட்சிதர், அவரே மேல்நாட்டு பேண்டு மெட்டுகளுக்குச் சாகித்தியம் எழுதி நொட்டுஸ்வரம் என்று தந்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு ஆகும் என்றால் நமக்கும் ஆகும்.

எந்தச் சுருதி, யாருக்கு எந்த ஸ்வரம்

பேண்டுக்கு எளிய சுருதி பி ஃபிளாட். கீபோர்டில் ஒலிக்கும் பி ஃபிளாட்டைத்தான் சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் தாளில் எழுதும் பெயர் வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் முதல் நாளே சந்தைக்கடை ஆகிவிடும்.

டிரம்பெட், கிளாரினெட், டெனர் சாக்ஸபோன் மூன்றுக்கும் ஸ என்பது சி. அவர்களுடைய ஐந்து ஸ்வரங்கள்: சி, ஈ ஃபிளாட், எஃப், ஜி, பி ஃபிளாட்.
ஆல்டோ சாக்ஸபோனுக்கு ஸ என்பது ஜி: ஜி, பி ஃபிளாட், சி, டி, எஃப்.
டிராம்போன், ஃபுளூட், டிரான்ஸ்போஸ் வைக்காத கீபோர்டுக்கு: பி ஃபிளாட், டி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட்.
யூபோனியம் வாசிப்பவன் டிரெபிள் கிளெஃப் தாள் படிப்பவன் என்றால் டிரம்பெட் வரிசையைக் கொடுங்கள். பேஸ் கிளெஃப் என்றால் டிராம்போன் வரிசை.

நான் போர்டில் ஆங்கில எழுத்தே எழுதுவதில்லை. ஸ, க, ம, ப, நி என்று எழுதுகிறேன். அவரவர் தாளில் அவரவர் ஸ எது என்று ஒருமுறை எழுதிக்கொள்ளட்டும். சர்ச் பாடகர் குழுவில் டானிக் சல்ஃபா (டோ, ரே, மீ முறை) படித்த பிள்ளைகளுக்கு இது இன்னும் சுலபம்.

டிரம்பெட் பையன்களுக்கு ஒரு ரகசியம் சொல்லுங்கள். ஸ, ப இரண்டுக்கும் வால்வே அழுத்த வேண்டாம். ம, நி இரண்டுக்கும் முதல் வால்வு மட்டும். காந்தாரத்துக்கு மட்டும்தான் இரண்டும் மூன்றும் சேர்த்து. ஐந்தில் நான்கு ஸ்வரம் ஒற்றை விரலில் முடிந்துவிடுகிறது. (வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டு வருவார்கள். மார்கழிக் காலையில் அது உறைந்து, வால்வு இறங்கினால் ஏறாது. வால்வு ஆயில் ஒரு குப்பி வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.)

கிளாரினெட்டில் கீழ் சி-யிலிருந்து நடு பி ஃபிளாட்வரை மட்டும் போதும். அதற்கு மேல் போனால் ரெஜிஸ்டர் தாண்ட வேண்டும், கீச்சென்று கத்தும், பிள்ளை கூசிப்போய் அந்த மாதம் முழுக்க வாசிக்காது.

கீபோர்டு பிள்ளைக்குப் பெரிய கார்டெல்லாம் (பல ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவது) தேவையில்லை. டிரான்ஸ்போஸ் பட்டனில் மைனஸ் 2 வைத்துவிட்டு, சி சுருதியில் வாசிப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஈ, அதற்கு மேலே பி ஃபிளாட்: இந்த இரண்டு விரல்தான் ஸ-வீட்டுக் கார்டு, அதாவது ஸ அடித்தளமாக இருக்கும்போது வாசிப்பது. இரண்டு விரலையும் அரைஸ்வரம் கீழே நகர்த்தினால் ம-வீட்டுக் கார்டு. பழைய இடத்திலிருந்து அரைஸ்வரம் மேலே நகர்த்தினால் ப-வீட்டுக் கார்டு. ப்ளூஸ் முழுக்க இந்த மூன்று கார்டுதான். இரண்டு விரலில் ஒரு பாட்டையே தாங்கலாம் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

முதல் இரண்டு வாரம்: சுண்ணாம்புக் கட்டம்

பிள்ளைகள் கையில் கருவி வேண்டாம், கீபோர்டு மட்டும் கார்டு வாசிக்கட்டும். மைதானத்து ஓரத்தில், வேப்பமர நிழலில், சுண்ணாம்புப் பொடியால் 12 கட்டம் போடுங்கள். வரிசைக்கு நான்கு, மொத்தம் மூன்று வரிசை. கட்டத்துக்குள் இப்படி எழுதுங்கள்:

ஸ – ஸ – ஸ – ஸ
ம – ம – ஸ – ஸ
ப – ம – ஸ – ஸ

12 பார் ப்ளூஸ் என்றால் இவ்வளவுதான். ஒரு கட்டம் ஒரு பார், நான்கு எண்ணிக்கை. பிள்ளைகள் வரிசையாக ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு எட்டு வைத்து நடக்க வேண்டும், அந்தக் கட்டத்து ஸ்வரத்தைப் பாடிக்கொண்டே. ஒரு சுற்றுக்கு 48 எட்டு. முடிந்ததும் நிற்காமல் மறுபடி முதல் கட்டம். நொண்டி ஆட்டம் மாதிரி இருப்பதால் ஆறாம் வகுப்புக்கு இது பாடம் என்றே தோன்றாது.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் காது தம்புராவுக்கும் சுருதிப்பெட்டிக்கும் பழகியது. ஸ என்றால் கடைசிவரை ஸ, அது அசையாது. ப்ளூஸில் அடியில் இருக்கும் தளமே நகர்கிறது. நான்கு பார் ஸ-வீட்டில் இருந்துவிட்டு, ஐந்தாவது பாரில் ம-வீட்டுக்குக் குடிபோய்விடுகிறோம். மேலே வாசிப்பவன் அதே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் கீழே வீடு மாறியதால் அந்த ஸ்வரத்தின் நிறம் மாறும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, நடந்தால்தான் புரியும். ஐந்தாவது கட்டத்தில் கால்வைக்கும்போது கீபோர்டு மாறுவதைக் கேட்டுப் பிள்ளைகளின் தலை தானாகத் திரும்பும். அது நடந்துவிட்டால் முதல் வாரம் வெற்றி.

நடக்கும்போதே கைதட்டலையும் சேர்த்துவிடுங்கள். மார்ச் பழகிய பிள்ளைக்கு அழுத்தம் எப்போதும் முதல் எண்ணிக்கையில், இடது காலில். ப்ளூஸில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும். அதாவது வலது காலில். "லெஃப்டுக்குச் சும்மா இரு, ரைட்டுக்குத் தட்டு" என்றால் போதும். முதலில் தடுமாறுவார்கள். ஆண்டுக்கணக்கில் லெஃப்ட் லெஃப்ட் என்று கத்தியது நாம்தானே. டிரம்ஸிலும் இதே கணக்கு: பேஸ் டிரம் ஒன்றும் மூன்றும், சைடு டிரம் இரண்டும் நான்கும்.

வேகம் நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை. போனில் மெட்ரோனோம் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் கட்டாயம் ஓடுவார்கள்.

மூன்றாம் வாரம்: ஊஞ்சல் நடை

இதை ஸ்விங் என்பார்கள். புத்தகம் படித்தால் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்று கணக்கு வரும். நமக்கு அது வேண்டாம். "தகிட தகிட தகிட தகிட" என்று சொல்லச் சொல்லுங்கள், ஒரு எண்ணிக்கைக்கு ஒரு தகிட. அப்புறம் நடுவில் உள்ள "கி"யை விழுங்கச் சொல்லுங்கள். "தாஅட தாஅட தாஅட தாஅட." அவ்வளவுதான் ஸ்விங். நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அஞ்சு நிமிட வேலை. என் அனுபவத்தில் இந்த ஒரு பாடத்தில்தான் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வியர்வையே சிந்தாது.

இப்போது கருவியை எடுக்கலாம். எல்லோரும் அந்தந்தக் கட்டத்து ஸ்வரத்தை மட்டும் தாஅட நடையில் வாசித்து 12 பாரையும் சுற்றி வரட்டும். பியூகிளில் எல்லா ஸ்வரமும் வராது. அவர்களுக்கு ஸ, ப இரண்டு மட்டும்: ஒன்பதாவது பாரில் ப, மற்ற இடமெல்லாம் ஸ. ம-வீட்டிலும் ஸ நன்றாகவே பொருந்தும்.

நான்காம் வாரம்: ஒரே ஒரு ஸ்வரம்

மொத்த முறையிலும் இந்த வாரம்தான் உயிர். அவசரப்படாதீர்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரே ஸ்வரம், ஸ. அதை வைத்துக்கொண்டு "பேச" வேண்டும். நான் முதலில் வாயால் ஒரு வரி சொல்வேன்: "சாப்பிட்டாச்சால?" அதன் ஓட்டத்தை ஸ-வில் வாசித்துக்காட்டுவேன். பையன் அதே ஸ-வில் பதில் வாசிக்க வேண்டும். "இன்னும் இல்ல ஸார்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஊதினால் அதற்கொரு தாளம் தானாக வரும். ஒரு ஸ்வரம்தான் இருக்கிறது என்பதால் "எதை வாசிக்க" என்ற கேள்விக்கே இடமில்லை. எப்போது வாசிக்க, எப்போது நிறுத்த, நீளமா குட்டையா, சத்தமா மெதுவா என்பது மட்டும்தான் மிச்சம். இசையில் பாதி அதுதான்.

அடுத்து, "ஆமா." விதி இது: சோலோ (தனியாக) வாசிப்பவன் இரண்டு பார் வாசிக்க வேண்டும், இரண்டு பார் வாயைக் கட்ட வேண்டும். அந்த இரண்டு பாரில் மொத்த பேண்டும் வாய்விட்டு "ஆமா" போடும். பிறகு அதையே கருவியில் போடும்: ஒரு குட்டை, ஒரு நெடில், ஸ-வில். பியூகிள்காரர்களையும் டிரம்ஸையும் இதற்குத் தலைவர்களாக்குங்கள். பேண்டிலேயே கீழ்ப்படியில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது சோலோக்காரனைத் தாங்குகிறவர்கள்.

இந்த விதியைத் தளர்த்தவே கூடாது. மனோதர்மம் பழகும் பிள்ளைக்கு வாசிப்பது கஷ்டமில்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். மௌனம் வந்தால் மறந்துபோய்விட்டதாக எல்லோரும் நினைப்பார்களோ என்று பயந்து, மூச்சு வாங்காமல் ஊதிக்கொண்டே போகும். "ஆமா" விழுந்தால் அந்த மௌனம் அவன் தப்பாகத் தெரியாது. மற்றவர்கள் பேசும் நேரம் ஆகிவிடும். அந்த நேரத்தில் அவன் அடுத்ததை யோசிக்கலாம்.

வரிகள் எழுதச் சொல்லுங்கள்

ப்ளூஸ் பாட்டுக்கு மூன்று வரி. முதல் வரி, அதே வரி மறுபடி, அப்புறம் அதை முடித்துவைக்கும் மூன்றாம் வரி. ஒவ்வொரு வரியும் கட்டத்தின் ஒரு வரிசையில் உட்காரும்: இரண்டு பார் பாட்டு, இரண்டு பார் பதில். பிள்ளைகளைத் தமிழில் எழுதச் சொன்னால் கொட்டும். எங்கள் ஏழாம் வகுப்பில் ஒரு வரிசைப் பையன்கள் சேர்ந்து எழுதியது:

ஏழரை பஸ்சு போயிட்டு, டிரைவரு திரும்பிப் பாக்கல
ஏழரை பஸ்சு போயிட்டு, டிரைவரு திரும்பிப் பாக்கல
கேட்டுல ஹெச்எம் நிக்காரு, எனக்கு உள்ள போக வழியில்ல

ஒவ்வொரு வரிக்குப் பின்னும் "ஆமா" போட்டுப் பாடினார்கள். முதல் வரியைத் திரும்பச் சொல்வது ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டது. திரும்பச் சொல்லும் நேரத்தில்தானே மூன்றாவது வரியை யோசிக்க முடியும்? எழுதிவைக்காமல் பாடிய காலத்துப் பாட்டுக்கு அது ஒரு வசதி. கருவியிலும் இதே வசதி உண்டு. முதல் வரிசையில் ஒன்றை வாசி, இரண்டாவது வரிசையில் அதையே திரும்ப வாசி, மூன்றாவதில் வேறு ஒன்று சொல்லி முடி. தன் வாசிப்பையே ஞாபகம் வைத்துத் திரும்ப வாசிக்கிற பிள்ளை ஸ்கேலில் ஓடாது.

ஐந்து முதல் ஏழாம் வாரம்: ஸ்வரம் ஒவ்வொன்றாக

முதல் இரண்டு வாரமும் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் கூட்டாதீர்கள். முதலில் ஸ-வுடன் க. இது சின்ன க, சாதாரண காந்தாரம். அடுத்த வாரம் ம. மூன்றே ஸ்வரத்தில் எவ்வளவு பேசலாம் என்று பிள்ளைகளே ஆச்சரியப்படுவார்கள். நம்பாதவர்களுக்கு ஜாஸ் இசைக்காரர் டியூக் எல்லிங்டனின் "சி ஜாம் ப்ளூஸ்" போட்டுக்காட்டுங்கள். அதன் மெட்டு முழுக்க இரண்டே ஸ்வரம், ப-வும் ஸ-வும். ஏழாம் வாரத்தில் ப, நி இரண்டையும் சேர்த்துவிடலாம். கீழ் நி-யிலிருந்து ஸ-வுக்கு வந்து சேர்வது வீடு வந்து சேர்கிற மாதிரி இருக்கும், அதைத் தனியாகப் பழக்குங்கள்.

ஆறாவது ஸ்வரம் ம-வுக்கும் ப-வுக்கும் நடுவில் உள்ள பிரதி மத்தியமம். அதைக் கடைசிவரை ஒளித்துவைத்திருங்கள். அது போகிற வழியில் தொட்டுவிட்டுப் போக வேண்டிய ஸ்வரம். அங்கே நின்றால் கல்லில் கால் இடித்த மாதிரி இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்பது என் கட்சி.

ஸ க ம ப நி என்றதும் பாட்டு கற்கும் பிள்ளை யாராவது, "ஸார், இது சுத்த தன்யாசில்லா?" என்று கேட்கும். ஸ்வரம் அதேதான். பாராட்டுங்கள், ஆனால் அந்த ராகத்தின் பிடிகளை இங்கே கொண்டுவர விடாதீர்கள். ப்ளூஸ் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. கீபோர்டின் கார்டில் பெரிய க, அந்தர காந்தாரம், ஒலித்துக்கொண்டிருக்கிறது. மேலே வாசிப்பவன் சின்ன க-வை வாசிக்கிறான். இரண்டும் உரசுகின்றன. பாடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இழுத்து நிறுத்துவார்கள். அந்த உரசலைத் தப்பு என்று திருத்தினால் ப்ளூஸே போய்விடும்.

அந்த இழுவையை எப்படிச் சொல்லித்தருவது? டிரம்பெட்டில் உதட்டால் வளைக்கச் சொல்லாதீர்கள், இந்த வயதில் உதடு தாங்காது. வாயால் பாட வையுங்கள். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வர ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்க வையுங்கள், ராகத்துக்காக இல்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் நழுவிப் போகும் விதத்துக்காக. ஸ்வரங்களுக்கு நடுவிலும் இடம் இருக்கிறது என்று காதுக்குத் தெரிந்தால் கை ஒருநாள் தேடிப் போகும். டிராம்போன் பையன் மட்டும் அன்றைக்கே ஸ்லைடை இழுத்துப் பார்ப்பான். இழுக்கட்டும்.

தப்பு ஸ்வரம் வந்தால்

வரும். இரண்டு வழி சொல்லிக்கொடுங்கள். ஒன்று, பக்கத்து ஸ்வரத்துக்கு நழுவிவிடு. நல்ல ஸ்வரம் எப்போதும் ஒரு எட்டு தூரத்தில்தான் இருக்கிறது. இன்னொன்று, அதையே வேண்டுமென்று இன்னொரு முறை வாசி, அப்புறம் நழுவு. இரண்டாவது வழிதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், கொஞ்சம் திமிர் இருக்கிறதில்லையா.

கூச்சப்படும் பிள்ளையைத் தனியாக எழுப்பி நிற்க வைக்காதீர்கள். இரண்டு பேராகச் சேர்த்து, ஒருவர் கேள்வி, ஒருவர் பதில் என்று விடுங்கள். அதுவும் ஆகாவிட்டால் இன்னும் இரண்டு வாரம் "ஆமா" மட்டும் போடட்டும். எங்கள் கிளாரினெட் பிள்ளை ஒருத்தி ஒன்பதாம் வாரம்வரை சோலோ பக்கமே வரவில்லை. ஒருநாள் அவளாகவே பதிலில் இரண்டு ஸ்வரம் கூட்டிவிட்டாள். யாரும் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டோம். அடுத்த சுற்றில் நான்கு.

மதிப்பெண் போட வேண்டிய கட்டாயம் இருந்தால் மூன்றை மட்டும் பாருங்கள். கட்டத்தில் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்து வாசித்தானா, நிறுத்தினானா, மற்றவன் வாசித்ததைக் காதில் வாங்கினானா. வேகமாக விரலோட்டிய பிள்ளைக்கு அதற்காக ஒரு மதிப்பெண்கூடக் கூட்டாதீர்கள்.

கடைசி மூன்று வாரம்: ஆண்டு விழா மேடைக்கு

எட்டாம் வாரத்தில் ஒரு எளிய மெட்டு செய்யுங்கள். அந்த பஸ் பாட்டையே எடுத்துக்கொள்ளலாம், அதன் ஓட்டத்தில் மூன்று ஸ்வரத்தில் ஒரு வரி. எல்லோரும் சேர்ந்து அதை இரண்டு முறை. அப்புறம் நான்கு சோலோ, ஆளுக்கு ஒரு சுற்று. அப்புறம் நான்கு நான்கு பாராக மாற்றி மாற்றிப் பேசிக்கொள்வது. மறுபடி மெட்டு. 80 வேகத்தில் ஒரு சுற்று 36 விநாடி, ஆக மொத்தம் ஐந்து நிமிடம் பிடிக்கும். விழாக் கமிட்டி மூன்று நிமிடம்தான் தருவேன் என்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள், தொடக்க மெட்டை ஒருமுறையாக்கி, சோலோக்காரர்களை இரண்டாக்கி, நான்கு பார் மாற்றத்தை விட்டுவிடுங்கள்.

சோலோ நடக்கும்போது மற்றவர்கள் சும்மா நிற்கக்கூடாது. "ஆமா" இப்போது ஒரு சின்னப் பின்வாசிப்பாக வளர்ந்திருக்கும். மூன்று ஸ்வரம், மெதுவாக. சோலோக்காரனை அமுக்கிவிடாமல் வாசிக்கச் சொல்வதற்கே ஒரு வாரம் போகும்.

மேடையில் கத்த முடியாது என்பதால் கைச்சாடை பழக்குங்கள். உச்சந்தலையைத் தொட்டால் மெட்டுக்குத் திரும்பு. நான்கு விரல் காட்டினால் நான்கு பார் மாற்றம். முஷ்டியை உயர்த்தினால் இந்தச் சுற்றோடு முடி. ஜாஸ்காரர்களும் இதேமாதிரி சாடைகள் வைத்திருக்கிறார்கள். மைக் ஒன்றுதான் இருக்கும், அதைச் சோலோக்காரன் பக்கம் வைத்து, கீபோர்டை நேராக ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடுங்கள்.

முடிவைத் தனியாக இருபது தடவை பழகுங்கள். கடைசி நான்கு பாரை மூன்று முறை திரும்ப வாசித்து, ஸ-வில் ஒரு நெடிலோடு நிறுத்துவது எளிது. முஷ்டியை இறக்கும்போது எல்லோரும் நிறுத்துவார்கள். பேஸ் டிரம் பையன் மட்டும் ஒரு அடி கூடுதலாக அடிப்பான். எத்தனை ஒத்திகை பார்த்தாலும் அடிப்பான். இப்போதெல்லாம் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவு அமைக்கிறேன்.